மூணாம் நம்பர் கம்பும் பெரியப்பாவின் தராசும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வர முடியலை மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்த வாரம் மூணு நாள் லீவு சேர்ந்து கிடைச்சுது, பெரிய காஞ்சிபுரத்துல நம்ம வீட்டுத் திண்ணையில உக்காந்து இதை எழுதறேன். தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ பட்டுப்புடவை பதிவுன்னு நினைச்சு தங்கமணிகளைக் கூப்பிட்டுடாதீங்க. இது மீன் பிடிக்கிற கதை. ஆனா பட்டுல ஆரம்பிச்சு பட்டுலயே வந்து நிக்குது, அதுதான் வேடிக்கை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். ரெண்டு வருஷம் முன்னாடி கம்பெனி என்னை ஆன்சைட்டுன்னு டென்வருக்கு அனுப்புச்சு. ஆறு மாசம். அங்கே என் டீம்ல ரிட்டயர் ஆகப் போற வயசுல ஒரு வெள்ளைக்காரர். சனிக்கிழமை ஆனா சவுத் பிளாட் ஆத்துக்குப் போயிடுவார், ஃப்ளை ஃபிஷிங் பண்ண. ஒருதரம் என்னையும் இழுத்துக்கிட்டுப் போனார். முழங்கால் அளவு ஐஸ் தண்ணி, சுத்தி மலை, காதுக்குள்ள ஆத்துச் சத்தம் மட்டும். அன்னிக்கு ஒரு மீனும் மாட்டலை. ஆனா நான் மாட்டிக்கிட்டேன் :)

ஃப்ளை ஃபிஷிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நம்ம ஊர் தூண்டில்ல புழு இருக்கும், ஈயக்குண்டு இருக்கும். வீசினா அந்தக் குண்டு போகும், கயிறு அது பின்னாடி போகும். ஃப்ளை ஃபிஷிங்ல குண்டே கிடையாது. முள்ளுல இறகையும் நூலையும் சுத்தி ஒரு பூச்சி மாதிரி பண்ணியிருப்பாங்க. அது எடையே இல்லாத சமாச்சாரம், ஊதினா பறந்துடும். அதை நாப்பது அடி தள்ளி எப்படிப் போடறது? இங்கேதான் விஷயமே. இதுல கயிறுதான் குண்டு. கயிற்றோட எடைதான் கம்பை வளைக்குது, வளைஞ்ச கம்பு நிமிரும்போது கயிற்றை முன்னாடி விசிறுது, பூச்சி சும்மா அது வாலைப் பிடிச்சுக்கிட்டுப் போகுது. அதனால கம்புக்கு ஏத்த கயிறு இல்லேன்னா எதுவுமே நடக்காது. லேசான கம்புன்னா இன்னும் மோசம், அதுக்குத் தப்பைப் பொறுத்துக்கற சக்தி கம்மி.

இதெல்லாம் இப்போ தெரியுது. அப்போ தெரியாது.

அங்கே ஒரு கராஜ் சேல்ல ஏழரை அடி நீளத்துல நாலு துண்டா கழட்டி மாட்டற ஒரு கம்பு வாங்கினேன். கைப்பிடிக்கு மேல '3' னு ஒரு நம்பர். கூடவே அதே பெட்டியில ஒரு பழைய ரீல், அதுல தேன் கலர்ல ஒரு கயிறு. ரீல் டப்பா மேல மூணே எழுத்து: எச் டி எச். கயிறு ஒல்லியா இருந்துச்சு. கடைகள்ல விக்கிற புது பிளாஸ்டிக் கயிறெல்லாம் அதைவிடத் தடிமன். சரி, லேசான கம்புக்கு ஒல்லியான கயிறு, ஜோடிப் பொருத்தம் பிரமாதம்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சவன் பண்ற வேலையா இது? பண்ணினேன்.

லைசன்ஸ் வாங்கி, போய் வீசினேன். கம்பு கைப்பிடி வரைக்கும் வளைஞ்சுது. கயிறு தண்ணியில பொத்துன்னு விழுந்துச்சு. அஞ்சு வாரம், அஞ்சு சனிக்கிழமை. என் கை சரியில்லை, என் மணிக்கட்டு சரியில்லைன்னு வீடியோ பார்த்துப் பார்த்து என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். ப்ராஜெக்ட் முடிஞ்சு ஊருக்கு வந்தப்போ கம்பும் கயிறும் பெட்டியில கூடவே வந்துடுச்சு.

சரி, இப்போ காட்சி காஞ்சிபுரத்துக்கு மாறுது.

எங்க குடும்பம் நெசவுக் குடும்பம். அப்பா பேங்க் வேலைக்குப் போயிட்டார், பெரியப்பா தறியிலேயே இருந்துட்டார். எழுபது தாண்டியாச்சு. அண்ணன்க ரெண்டு பேரும் சென்னையில வேலை. வீட்டுக்குள்ள குழித்தறி இன்னும் இருக்கு. கால் வைக்கிற குழியை மூடி டைல்ஸ் போடணும்னு அண்ணிங்க சொல்லிக்கிட்டே இருக்காங்க, பெரியப்பா காதுலயே வாங்கறதில்லை.

ஒரு ஞாயித்துக்கிழமை ஓரிக்கை தாண்டி பாலாத்துப் பக்கம் போய் வீசிப் பழகலாம்னு கிளம்பினேன். பாலாத்துல தண்ணி எங்கேன்னு கேக்கறீங்களா? மணல்லதான். கயிற்றை வீசிப் பழக தண்ணி வேணாம், இடம் இருந்தாப் போதும். கிரிக்கெட் ஆடிக்கிட்டிருந்த பசங்க பேட்டைப் போட்டுட்டு வந்து, "அண்ணா, மணல்ல என்னாண்ணா மீன் மாட்டும்?" னு கேட்டானுங்க. பதில் சொல்ல முடியலை. திரும்பி வந்து திண்ணையில கயிற்றை நீட்டி வச்சு மணலைத் துடைச்சுக்கிட்டிருந்தேன்.

பெரியப்பா பக்கத்துல வந்து உக்காந்தார். கயிற்றைக் கையில எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு ஒரு உருட்டு. நகத்தால நுனியில ஒரு கீறல்.

"டேய், இது பட்டுடா."

"இல்ல பெரியப்பா, பிளாஸ்டிக்கா இருக்கும்..."

"எண்ணெய் குடிச்ச பட்டு. பின்னியிருக்கான் பாரு."

நுனியில பிரிஞ்சு நின்ன நாலு இழையைக் கிள்ளி தீக்குச்சியில காட்டினார். முடி கருகற வாசனை. விரல்ல தேய்ச்சா சாம்பல் பொடிஞ்சு போச்சு. நைலானா இருந்தா உருகி மணி மாதிரி உருண்டு கெட்டியாயிருக்கும். ஜவுளிக் கடையில சந்தேகம் வந்தா இழையைக் கொளுத்திப் பார்க்கிற அதே சோதனைதான்.

அடுத்த கேள்விதான் முக்கியம். "இதை எடை போட்டியா?"

நான் முழிச்சேன். கயிற்றை எதுக்கு எடை போடணும்?

பெரியப்பா உள்ளே போய் அவரோட சின்ன தராசை எடுத்துட்டு வந்தார். பழைய பித்தளைத் தராசு ஒண்ணு பரண்ல இருக்கு, இது இப்போ வாங்கின பேட்டரி தராசு. வலைல கொஞ்சம் தேடினதுல முதல் 30 அடியோட எடைதான் கணக்குன்னு தெரிஞ்சுது. 30 அடி அளந்து, ரீல்ல இருந்த மீதியை வெளியே தொங்கவிடாம மடியில வச்சுக்கிட்டு, முதல் பாகத்தை மட்டும் சுருட்டித் தட்டுல வச்சோம். 10.4 கிராம்.

என் மூணாம் நம்பர் கம்புக்கு வேண்டியது 6.5 கிராம்.

அஞ்சு வாரமா என் கையை நான் திட்டினேன். தப்பு கையில இல்லை. ஒல்லியா இருந்தா லேசா இருக்கும்னு கண்ணு சொன்ன பொய்யில இருக்கு. இந்த ஒரே தப்பை உலகம் பூரா மீன் பிடிக்கிறவங்க பல வருஷம் பண்ணியிருக்காங்க, அதனாலதான் அந்த '3' ங்கற நம்பரே பொறந்துச்சுன்னு அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த வரலாறுதான் இந்தப் பதிவு. ஸ்ஸப்பா, முன்னுரை முடிஞ்சுது!

முதல்ல குதிரை மயிர். இங்கிலாந்துல 1496ல அச்சான தூண்டில் பத்தின பழைய நூல் ஒண்ணு, எந்த மீனுக்கு எத்தனை மயிர் சேர்த்துக் கயிறு திரிக்கணும்னு பட்டியலே போடுது. பொடி மீனுக்கு ஒத்தை மயிர், டிரவுட் மாதிரி மீனுக்கு ஒன்பது. பாருங்க, எவ்வளவு தெளிவு! குதிரை வால் மயிர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், அதனால எண்ணினாலே போதும், தடிமன், எடை, பலம் மூணும் சேர்ந்தே வந்துடும். நுனி பக்கம் சிறுக்கணுமா? மயிரைக் குறைச்சுக்கிட்டே போகணும்.

அப்புறம் மயிரோட பட்டு கலந்தாங்க. 19ஆம் நூற்றாண்டோட பின்பாதியில சுத்தப் பட்டுக்கு வந்துட்டாங்க. பட்டு இழைகளைப் பின்னி, ஆளி விதை எண்ணெயை உள்ள வரைக்கும் இறக்கி, காயவச்சுத் தேய்ச்சு, மறுபடி எண்ணெய், மறுபடி காயவச்சு... இப்படி வாரக்கணக்குல வேலை. வெளியே வரும்போது வழவழன்னு, தேன் நிறத்துல, காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போற கனமான கயிறு. 1886ல ஹால்ஃபோர்டுங்கற இங்கிலீஷ்காரர் மிதக்கற பூச்சிகள் பத்தி ஒரு புத்தகம் போட்டார். தண்ணி மேல பூச்சியை மிதக்கவிட்டுப் பிடிக்கிற பாணி அதுல இருந்து பெரிசாப் பரவுச்சு. அந்தப் பாணிக்குத் தோள் கொடுத்தது இந்த எண்ணெய்ப் பட்டுக் கயிறுதான்.

பட்டு தண்ணியைவிட அடர்த்தி அதிகம், தானா மிதக்காது. மேல கொழுப்பு தடவினா மிதக்கும். மத்தியானத்துக்குள்ள கொழுப்பு போயிடும், தண்ணி உள்ளே இறங்கும், கயிறு கனக்கும், முங்கும். உடனே துடைச்சுக் காயவச்சு மறுபடி தடவணும். சாயங்காலம் ரீல்ல இருந்து மொத்தத்தையும் உருவி காயப்போடணும், இல்லேன்னா உளுத்துப்போயிடும். புடவையை மடிச்சே வச்சா மடிப்புல விட்டுப் போகுதுன்னு அம்மாக்கள் வருஷத்துக்கு ரெண்டு தரம் எடுத்து மாத்தி மடிக்கிறாங்களே, அதே பக்குவம்தான்.

கயிறு மட்டுமில்லை. கயிற்றுக்கும் முள்ளுக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு நரம்பு ஒண்ணு வேணும். அதையும் பட்டுப்புழுகிட்டதான் எடுத்தாங்க. கூடு கட்டப் போற புழுவை வினிகர்ல ஊறவச்சு, உள்ளே இருக்கிற பட்டுச் சுரப்பியை எடுத்து இழுத்தா ஒரு முழ நீள நரம்பா வரும். ஸ்பெயின்ல முர்சியாங்கற ஊர் இதுக்குப் பேர்போன இடம். கம்பும் நம்ம பக்கத்துச் சரக்குதான். மூங்கிலைப் பட்டையாப் பிளந்து ஒட்டிச் செய்யற கம்புகளுக்கு 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காக்காரங்க முதல்ல பயன்படுத்தினது 'கல்கத்தா மூங்கில்'. சீனாவோட டோங்கின் மூங்கில் அப்புறம்தான் வந்துச்சு. ஆக ஒரு காலத்துல வெள்ளைக்கார துரை கையில இருந்தது இந்திய மூங்கில், பட்டுக் கயிறு, பட்டுப்புழு நரம்பு. துரை மட்டும்தான் இங்கிலாந்து சரக்கு :)

இந்த துரைங்க நம்ம ஊர்லயும் வீசியிருக்காங்க. மெட்ராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ்னு ஒருத்தர் 1873ல 'தி ராட் இன் இந்தியா' ன்னு புத்தகமே போட்டார். 1887ல 'டேங்க் ஆங்க்ளிங் இன் இந்தியா' ன்னு இன்னொண்ணு, ஏரி குளத்துல தூண்டில் போடறது பத்தி. நீலகிரி ஓடைகள்ல டிரவுட் மீன் வளர்க்க 1860கள்லயே பிரான்சிஸ் டேங்கற டாக்டர் முயற்சி பண்ணினார், பலிக்கலை. 20ஆம் நூற்றாண்டோட முதல் பத்து வருஷத்துல எச்.சி. வில்சன்ங்கறவர் அவலாஞ்சியில பொரிப்பகம் வச்சு ரெயின்போ டிரவுட்டை வளர்த்தார். இன்னிக்கும் நீலகிரியில இருக்கிற டிரவுட் அந்தப் பரம்பரைதான். அந்தக் காலத்துல ஊட்டி பங்களாக்கள்ல ராத்திரி பட்டுக் கயிறு காயப்போட்டிருப்பாங்கன்னு நினைச்சுப் பார்த்தா சிரிப்பா இருக்கு. இங்கே கீழே காஞ்சிபுரத்துல பட்டுப் பாவுக்குக் கஞ்சி போட்டு விடியக்காலையில தெரு நீளத்துக்குக் காயவைக்கிறாங்க, அங்கே மேலே அதே பட்டு கொழுப்பு பூசிக் காயுது.

இப்போ அந்த மூணு எழுத்து மேட்டருக்கு வருவோம்.

பட்டுக் கயிறு காலத்துல கயிற்றை அளந்தது தடிமனை வச்சு. ஒவ்வொரு தடிமனுக்கும் ஒரு இங்கிலீஷ் எழுத்து. 'ஏ' ன்னா 0.060 அங்குலம், ரொம்பத் தடி. அடுத்தடுத்த எழுத்துக்கு 0.005 அங்குலம் குறைஞ்சுக்கிட்டே வரும். 'டி' 0.045, 'எச்' 0.025. நுனி சிறுத்து, நடு தடிச்சு, மறுபடி நுனி சிறுத்த கயிற்றுக்கு மூணு எழுத்து. என் டப்பாவுல இருந்த 'எச் டி எச்' னா ரெண்டு நுனியும் 0.63 மில்லிமீட்டர், நடுவுல 1.14 மில்லிமீட்டர். அவ்வளவுதான் ரகசியம்.

எல்லாரும் பட்டுல பண்ணின வரைக்கும் இந்தக் கணக்கு ஓடுச்சு. தடிமன் ஒண்ணுன்னா எடையும் ஏறக்குறைய ஒண்ணு. குதிரை மயிரை எண்ணின மாதிரிதான், ஒண்ணை அளந்தா இன்னொண்ணு தானா தெரிஞ்சுடும்.

அப்புறம் நைலான் வந்துச்சு. 1935ல டூபாண்ட் கம்பெனியில கராதர்ஸ் குழு கண்டுபிடிச்சுது, 1938ல உலகத்துக்கு அறிவிச்சாங்க. 1941ல அமெரிக்காவுக்கு ஜப்பான் பட்டு வர்றது நின்னுபோச்சு. போர் முடிஞ்சதும் தூண்டில் கயிறுலயும் நைலான் புகுந்துடுச்சு. உளுக்காது, காயப்போட வேணாம், விலையும் கம்மி. யாருக்குக் கசக்கும்?

ஆனா நைலான் பட்டைவிட அடர்த்தி குறைவு. பட்டு தண்ணியைப் போல 1.3 மடங்குன்னா நைலான் 1.14 தான். அதனால 'எச் டி எச்' னு போட்ட நைலான் கயிறு, 'எச் டி எச்' பட்டுக் கயிற்றைவிட எடை கம்மி. அப்புறம் 1950கள்ல மேல பிளாஸ்டிக் பூச்சு போட்ட கயிறு வந்துச்சு, மிதக்கறதுக்காக அந்தப் பூச்சுக்குள்ள காத்துக் குமிழிங்களை வச்சாங்க. அது இன்னும் தடிமன். முங்கறதுக்குன்னு தனிக் கயிறும் வந்துச்சு, அது ஒல்லி ஆனா கனம். எழுத்து ஒண்ணு, எடை நாலு விதம். அப்பாவோட கம்புக்கு அதே எழுத்துக் கயிறு வாங்கிட்டு வந்த பையன் என்னை மாதிரியே ஆத்துல நின்னு தன் கையைத் திட்டியிருப்பான்.

கடைசியா 1961ல அமெரிக்கத் தூண்டில் சாமான் உற்பத்தியாளர் சங்கம் உக்காந்து ஒரு முடிவு எடுத்துச்சு. தடிமனை மறந்துடுங்க, எதால பண்ணினீங்கன்னு கேக்க மாட்டோம். முதல் 30 அடியை எடை போடுங்க, அந்த எடைக்கு ஒரு நம்பர். எடை அளவு 'கிரெயின்', நம்ம குன்றிமணி மாதிரி தானிய மணியில இருந்து வந்த அளவு, 1 கிரெயின் 0.065 கிராம். 3ஆம் நம்பர் 100 கிரெயின் (6.5 கிராம்), 4 ன்னா 120 (7.8), 5 ன்னா 140 (9.1), 6 ன்னா 160 (10.4). கூடக்குறைய கொஞ்சம் விட்டுக்கொடுத்தாங்க, 3ஆம் நம்பருக்கு 94ல இருந்து 106 வரைக்கும் இருக்கலாம். அந்தக் கணக்குதான் இன்னிக்கு வரைக்கும் அடிப்படை.

10.4 கிராம் ஞாபகம் இருக்கா? நான் 3ஆம் நம்பர் கம்புல 6ஆம் நம்பர் கயிற்றை மாட்டி அஞ்சு வாரம் அடிச்சிருக்கேன். கம்பு உடையாம இருந்ததே பெரிசு.

இதையெல்லாம் படிச்சுட்டு பெரியப்பாகிட்ட பெருமையா விளக்கினேன். அவர் அசரவே இல்லை. "இதுக்கா சங்கம் கூடினாங்க? நூலை எவன்டா தடிமன் பார்ப்பான்? எடைதானே பார்ப்பான்" னார்.

உண்மைதான். பட்டு நூலுக்கு அளவு டெனியர். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 20/22 ன்னு சொல்ற கச்சாப் பட்டு, ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு 20ல இருந்து 22 கிராம்தான். அதை ரெண்டு இழை, மூணு இழைன்னு சேர்த்து முறுக்கிப் பாவு, ஊடைன்னு பிரிப்பாங்க. அவ்வளவு மெல்லிசு இழையை ஸ்கேல் வச்சு அளக்க முடியுமா? முறுக்கினா ஒல்லியாகும், பிசின் எடுத்தா மெலியும், ஈரத்துல உப்பும். கண்ணு ஏமாத்தும், அதனால நீளமும் எடையும்தான் கணக்கு. நூலுக்கு ஏத்த அச்சு போடணும். நெருக்கமான அச்சுல தடி நூல் போட்டா உரசி அறும், அகல அச்சுல மெல்லிசு நூல் போட்டா துணி சல்லடை. கம்பும் கயிறும் சமாச்சாரம் அவருக்கு தறியிலேயே தெரிஞ்ச விஷயம். மீன்காரங்க 1961ல வந்து சேர்ந்த இடத்துல நெசவுக்காரங்க முன்னாடியே குந்தியிருந்தாங்க.

ஆனா அவர் அதோட நிறுத்தலை. தராசை உறையில போட்டுக்கிட்டே ஒண்ணு சொன்னார். இதுவரைக்கும் எங்க வீட்டுல யார்கிட்டயும் சொன்னதா எனக்குத் தெரியலை.

அவருக்கு அப்போ என் வயசு. ஒரு முதலாளிகிட்ட கூலிக்கு நெஞ்சுக்கிட்டிருந்தார். நூலை எடை போட்டுக் கொடுப்பாங்க, புடவையை எடை போட்டு வாங்குவாங்க. ஐப்பசி அடைமழையில நூல் வாங்கினார். நடுவுல பாட்டிக்கு உடம்பு சரியில்லாம தறி நின்னுபோச்சு. புடவையை முடிச்சுக் கொடுத்தது நல்ல வெயில் காலத்துல. தட்டுல வச்சா எடை குறையுது. கழிவுன்னு விடற கணக்கைத் தாண்டியும் குறையுது. பட்டுத் திருடிட்டான்னு நாலு பேர் முன்னாடி சொல்லிட்டாங்க. கூலியில பிடிச்சாங்க. பணம் போனது பெரிசில்லை, அந்தத் திண்ணையில இருந்து இறங்கி ராஜ வீதியில நடந்து வந்ததை இன்னும் மறக்கலைன்னார்.

பட்டு காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். சாதாரண காத்துலயே அதோட காஞ்ச எடையில சுமார் 11 சதவீதம் ஈரம் இருக்கும், அடைமழையில இன்னும் ஏறும், கோடையில இறங்கும். உலகத்துல பட்டு வியாபாரம் நடக்கற இடங்கள்ல ஈரத்தைக் கழிச்சுக் கணக்குப் பார்த்து எடை சொல்றதுக்குன்னே தனி நிலையங்கள் வச்சது இதுக்குத்தான். கூலிக்கு நெய்யற ஆளுக்கு எந்த நிலையம்? அடுத்த மாசமே பெரியப்பா சொந்தமா தராசு வாங்கிட்டார். அதுதான் பரண்ல இருக்கிற பித்தளைத் தராசு. அன்னியில இருந்து நூல் வாங்கின தேதி, எடை, அன்னிக்கு மழையா வெயிலான்னு ஒரு நோட்டுல எழுதுவார். நோட்டுங்க இன்னும் இருக்கு. நான் சின்ன வயசுல அது ஏதோ பஞ்சாங்கக் குறிப்புன்னு நினைச்சிருந்தேன்.

"நம்பர் போட்டிருக்குன்னு நம்பாத. யார் போட்ட எடை, எப்போ போட்ட எடைன்னு கேளு" ன்னார்.

இது இன்னிக்கு கயிறு வாங்கறவனுக்கும் அப்படியே பொருந்துது. இப்போ கம்பெனிங்க வேகமான கம்புகளுக்குப் பொருந்தணும்னு, டப்பாவுல 3 ன்னு போட்டுட்டு அரை நம்பர், ஒரு நம்பர் கனமாவே கயிறு விக்கிறாங்க. பல டப்பாக்கள்ல பொடி எழுத்துல கிரெயின் கணக்கு இருக்கும், அதைப் படிங்க. இல்லேன்னா தராசு இருக்கவே இருக்கு.

லேசான கம்பு வச்சிருக்கிற யாராவது இதைப் படிச்சா, நான் கத்துக்கிட்டதை சுருக்கமாச் சொல்லிடறேன். முதல்ல கம்புல இருக்கிற நம்பருக்கு உண்மையான எடையில இருக்கிற கயிற்றுல ஆரம்பிங்க. அப்புறம் நீங்க நிஜமா எவ்வளவு தூரம் வீசறீங்கன்னு பாருங்க. 3ஆம் நம்பர் கணக்கு 30 அடி கயிறு வெளியே இருக்கும்போது. சின்ன ஓடையில 15, 20 அடிதான் வெளியே இருக்கும், கம்புக்குப் பாதி எடைதான் கிடைக்கும், அது வளையவே வளையாது. அப்படி இடத்துக்கு ஒரு நம்பர் கூட்டி 4 போடலாம், தப்பில்லை. 30 அடிக்கு மேல காத்துல தூக்கி வீசறவங்க நம்பரைக் கூட்ட வேணாம். ரெண்டு பக்கமும் சிறுத்த கயிறு, முன்பக்கம் மட்டும் கனத்த கயிறுன்னு ரெண்டு வகை இருக்கு. முன் கனத்தது தூரம் போகும். கிட்ட வீசறவங்களுக்கு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, ரெண்டு பக்கமும் சிறுத்ததை ஒரு நுனி தேஞ்சதும் திருப்பி மாட்டிக்கலாம், ஒரு காசுல ரெண்டு கயிறு. நான் அதைத்தான் வாங்கினேன், 3ஆம் நம்பர், மிதக்கற வகை. வந்ததும் பெரியப்பா தராசுல வச்சோம். 6.6 கிராம். "பரவால்ல, நியாயமான ஆளுங்க" ன்னு சர்டிபிகேட் கொடுத்தார் :)

மறுபடி பாலாத்து மணலுக்குப் போனேன், இந்த தடவை பெரியப்பாவையும் வண்டியில உக்காரவச்சுக்கிட்டு. கயிறு நீண்டு, சுருள் விரிஞ்சு, நுனி மெதுவா மணல்ல இறங்குச்சு. சத்தமே இல்லை. அதே கைதான், அதே மணிக்கட்டுதான்.

பழைய பட்டுக் கயிற்றை நான் அவர்கிட்டயே கொடுத்துட்டேன். அதோட நுனியை முழுசாப் பிரிச்சுப் பார்த்திருக்கார். நடுவுல இருந்து நுனிக்கு வர வர இழையை ஒவ்வொண்ணா விட்டுட்டே பின்னியிருக்கானாம், எங்கே விட்டான்னு தடவிப் பார்த்தாக்கூட தெரியலையாம். 500 வருஷம் முன்னாடி குதிரை மயிரைக் குறைச்சுக்கிட்டே போன அதே வித்தை. "நல்ல கைடா" ன்னு ரெண்டு தடவை சொன்னார். பேர் தெரியாத, ஊர் தெரியாத, அனேகமா எப்பவோ போய்ச் சேர்ந்துட்ட ஒரு தொழிலாளியைப் பத்தி அவர் சொன்ன பாராட்டு. அவர் வாயில இருந்து அவ்வளவு சுலபமா வராது அந்த வார்த்தை.

பட்டுக் கயிறு செய்யற பட்டறைங்க நைலான் வந்த பத்து இருபது வருஷத்துல மூடிடுச்சு. இன்னிக்கு ஐரோப்பாவுல ஆசைக்குன்னு கையால செய்யறவங்க ரொம்பச் சிலர், விலை கேட்டா மயக்கம் வரும். நைலான் வந்தது தப்புன்னு நான் சொல்லலை, நானே பிளாஸ்டிக் கயிறுதானே வாங்கினேன். பட்டுக் கயிறு போனதோட, தொட்டாலே எடை சொல்ற கைகளும் போச்சு. அதனாலதான் டப்பாவுல நம்பர் போட வேண்டி வந்துச்சு. நம்பர் இருக்கிறதால இப்போ யாரும் தொட்டுப் பார்க்கறதில்லை. நானும் பார்க்கலை.

பெரியப்பா நோட்டுங்களை இந்த லீவுல ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்துக்கிட்டிருக்கேன். நாப்பது வருஷக் கணக்கு. எந்த மாசம் எவ்வளவு எடை ஏறுச்சு, எவ்வளவு இறங்குச்சுன்னு ஒரு எக்செல் ஷீட்ல போட்டுப் பார்க்கப் போறேன். பொட்டி தட்டறவன் வேற என்ன பண்ணுவான்? அந்த ஐப்பசிக்கும் வெயில் காலத்துக்கும் நடுவுல எவ்வளவு கிராம் காத்துல போயிருக்கும்னு மத்த வருஷக் கணக்கை வச்சு ஒரு அளவுக்குச் சொல்லிட முடியும்னு நினைக்கறேன். யார்கிட்ட காட்டறதுன்னு தெரியலை, அந்த முதலாளி எப்பவோ காலமாயிட்டார். பெரியப்பாகிட்ட காட்டுவேன்.

தறிக்குழியை மூடற பேச்சை இந்த வருஷத்துக்கு ஒத்திவச்சிருக்கோம்.

பி.கு: நீலகிரி பக்கம் யாராவது கம்பைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பறதா இருந்தா, முதல்ல மீன்வளத்துறை, வனத்துறை ரெண்டு பேர்கிட்டயும் அனுமதி விசாரிங்க. அப்புறம் உங்க வீட்டுல பழைய தராசு, நெசவு நோட்டு, கூலிக் கணக்கு ஏதாவது பரண்ல இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடாதீங்க.